டிஎஸ்பி பெட்டியைத் தொடுவதற்கு முன்

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் மண்டபத்துக்கு ஸ்பீக்கர் கட்டுவது என் வேலை. காவடி நெருங்கினால் ஆளாளுக்கு டிஎஸ்பி பெட்டியை, அதாவது ஒலியை எண்களாக்கிச் சீர்செய்யும் கருவியை, திருகுவார்கள். திருகுங்கள், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு.

மைக்கிலிருந்து வரும் சிக்னலைப் பெட்டி நொடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்கும். கெயினை, அதாவது உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்பதை, இந்த வாசலிலேயே சரி செய்யுங்கள். நாதஸ்வரக்காரரை முழு மூச்சில் வாசிக்கச் சொல்லி, மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். இங்கே கிழிந்த ஒலியைப் பின்னால் பாஸ், ட்ரெபிள் திருத்தும் எந்த ஈக்யூவும் தைக்காது.

அப்புறம் டிலே, அதாவது ஒலியைத் தாமதப்படுத்துவது. வருகிற எண்களை நினைவகத்தில் வட்டமாக எழுதிக்கொண்டே, கொஞ்சம் பின்தங்கிப் படிப்பதுதான் அது. பின்வரிசை ஸ்பீக்கர் மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி இருந்தால், மேடை ஒலி காற்றில் அங்கே வந்துசேர மீட்டருக்கு 2.9 வீதம் 58 மில்லிசெகண்ட் ஆகும்; அவ்வளவு தாமதம் வையுங்கள். அதாவது 2,784 எண்கள். நான் இன்னும் 10 மில்லிசெகண்ட் சேர்ப்பேன். குரல் மேடையிலிருந்தே வருவதாகக் காது நம்பிவிடும்.

கடைசியில் லிமிட்டர், ஒலி ஒரு அளவைத் தாண்டாமல் தடுப்பது; அதை அணைக்காதீர்கள்.

பெட்டிகளைக் கணினி கேபிளில் இணைத்து ஒலியை அனுப்பும் டான்டே நெட்வொர்க்கில் எண்கள் பொட்டலங்களாகப் போகும். எல்லாப் பெட்டிகளும் ஒரே கடிகாரத்துக்குத் தாளம் போட வேண்டும். ஒருமுறை தேவாரத்துக்கு நடுவே டிக் டிக் என்று சத்தம். லோட்ஷெடிங்கை, அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டைத்தான் திட்டினேன். பார்த்தால், யாரோ புதிதாக மாட்டிய நெட்வொர்க் ஸ்விட்ச்சில் (கேபிள்களை இணைக்கும் பெட்டியில்) மின்சேமிப்பு வசதி ஓடிக்கொண்டிருந்தது. முதலில் அதை அணையுங்கள்.