பசங்களுக்கு காரமில்லாத ஏசியன் ஸ்டைல் போர்க் ரிப்ஸ், குக்கர்லயே சட்டுனு செய்யலாம்

ரிப்ஸ்னாலே முந்தின நாள் ராத்திரியே மசாலா தடவி ஊறப்போடணும், ஓவன்ல மணிக்கணக்கா வைக்கணும்னு நெனச்சே நெறைய பேர் அந்தப் பக்கம் போறதில்ல. குக்கர் இருந்தா அதெல்லாம் வேணாங்க. கறிய குக்கர்ல வேகவெச்சு, அப்புறம் சோயா சாஸ், இஞ்சி, பூண்டு, கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புளிப்பு போட்டு கடாயில சுண்ட விட்டா வேலை முடிஞ்சுது. மொத்தமா ஒண்ணேகால் மணி நேரம் ஆகும், ஆனா அதுல நீங்க அடுப்பு பக்கத்துல நிக்கப்போறது அரை மணி நேரம்தான். இது எந்த நாட்டோட ஒரிஜினல் ரெசிபியும் கெடையாது. சீனாவுல, கொரியாவுல வீட்டுச் சமையல்ல வர்ற அந்த இனிப்பு-உப்பு ருசிய வெச்சு சின்னப் பசங்களுக்குத் தோதா மாத்தினதுன்னு வெச்சுக்கோங்க.

பெரியவங்களுக்குச் செய்யுறதுல மொளகாய மட்டும் எடுத்துட்டா பசங்களுக்கு ஆயிடும்னு தோணும். அது சுலபமான பாதி. ஜாக்கிரதையா பாக்க வேண்டியது உப்பும் எலும்பும்தான்.

உப்ப மொதல்ல சொல்லிடறேன். சாதாரண சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன்ல சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கும், உப்புக் கணக்குல பாத்தா 2 கிராமுக்கும் மேல. 1 முதல் 3 வயசு வரைக்கும் ஒரு நாள் முழுக்கவே 2 கிராம் உப்புக்கு மேல வேணாம், 4 முதல் 6 வயசுக்கு 3 கிராம் போதும்னு பிரிட்டனோட அரசு சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ் சொல்லுது. அப்போ பெரியவங்க ரெசிபில இருக்குற மாதிரி சோயா சாஸ அரை கப் ஊத்தினா என்னாகும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. அதனால சோடியம் கொறஞ்ச சோயா சாஸா பாத்து வாங்குங்க, பாட்டில் லேபிள்ல அளவு போட்டிருப்பாங்க, ரெண்டு பாட்டில கையில எடுத்து ஒப்பிட்டுப் பாத்தாலே தெரிஞ்சிடும். இதுல தனியா உப்பு ஒரு சிட்டிகை கூட சேர்க்கப்போறதில்ல. ஒரு வயசு ஆகாத கொழந்தைக்கு இந்த சாஸே வேணாம்.

வாங்க வேண்டியது

போர்க் ரிப்ஸ் 1 கிலோ. ரெண்டு பெரியவங்க, ரெண்டு சின்னவங்களுக்கு சரியா இருக்கும். பேபி பேக் ரிப்ஸ் கெடச்சா அத எடுங்க, முதுகெலும்பு பக்கத்துல இருந்து வர்றது, சின்னதா இருக்கும், கொழுப்பும் கம்மி, சீக்கிரம் வேகும். ஸ்பேர் ரிப்ஸ் வயித்துப் பக்கம், கொழுப்பும் குருத்தெலும்பும் ஜாஸ்தி, ருசி நல்லாவே இருக்கும் ஆனா பசங்களுக்குப் பிச்சுக் குடுக்குறப்போ வேலை அதிகம். கறி வெட்டுறவர்கிட்ட எலும்புக்கு எலும்பு தனித்தனியா பிரிச்சுக் குடுக்கச் சொல்லுங்க, முடிஞ்சா குறுக்க வெட்ட வேணாம்னு சொல்லிடுங்க. குறுக்க வெட்டுறப்போதான் எலும்பு நொறுங்கி சின்னச் சின்ன சில்லா கறியில ஒட்டிக்கும்.

வேகவைக்க: விரல் நீளத்துக்கு இஞ்சி தட்டிப் போட்டது, பூண்டு 5 பல்லு, வெங்காயத்தாளோட வெள்ளைப் பகுதி ரெண்டு, அன்னாசிப்பூ 1. அன்னாசிப்பூ ஒண்ணுதான், ரெண்டு போட்டா மருந்து வாசனை வந்து பசங்க தட்ட தள்ளி வெச்சிடுவாங்க.

சாஸுக்கு: சோடியம் கொறஞ்ச சோயா சாஸ் 2 டேபிள்ஸ்பூன், நாட்டுச்சக்கரையோ பிரவுன் சுகரோ 1 டேபிள்ஸ்பூன், தேன் 1 டேபிள்ஸ்பூன், ரைஸ் வினிகர் 1 டேபிள்ஸ்பூன் (ஆப்பிள் சைடர் வினிகரும் ஓகே), துருவின பூண்டு 2 பல்லு, கடைசில ஊத்த வறுத்த எள்ளுல எடுத்த நல்லெண்ணெய் 1 டீஸ்பூன். கறி வெந்த தண்ணி ஒரு கப் இதோட சேரும். கலர் வேணும்னா டார்க் சோயா சாஸ் அரை டீஸ்பூன், அதுக்கு மேல வேணாம், அதுலயும் உப்பு இருக்கு.

நெறைய ரெசிபில சமையல் ஒயின் ஊத்தச் சொல்லுவாங்க. சூடு பண்ணா ஆல்கஹால் முழுசா ஆவியாயிடும்னு சொல்றது சரியில்ல, கொஞ்சம் தங்கும். பசங்களுக்குச் செய்யுறப்போ விட்டுடுங்க, இஞ்சியே கவிச்ச எடுத்துடும். அப்புறம் சோயா, கோதுமை, எள்ளு மூணுமே அலர்ஜி வரக்கூடிய ஐட்டம். சோயா சாஸ்ல பெரும்பாலும் கோதுமையும் இருக்கும், இது பலருக்குத் தெரியாது. இதெல்லாம் இதுக்கு முன்னாடி சாப்பிட்டே இருக்காத கொழந்தைக்கு மொத தடவையே மொத்தமா இப்படி சாஸா குடுக்காதீங்க.

ஸ்டெப் 1: சவ்வ உரிங்க

ரிப்ஸோட உள்பக்கம், எலும்பு தெரியுற பக்கத்துல, மெல்லிசா பளபளன்னு ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். அது குக்கர்ல வெச்சாலும் ரப்பர் மாதிரியே இருக்கும், பசங்க மென்னு மென்னு துப்பிடுவாங்க. ஒரு ஓரத்துல ஸ்பூனோட காம்ப விட்டு நெம்புங்க, கொஞ்சம் தூக்கினதும் டிஷ்யூ பேப்பரால புடிச்சு இழுங்க. வெறும் கையில புடிச்சா வழுக்கும். பிரிச்சு வெட்டின துண்டுன்னா துண்டு துண்டாத்தான் வரும், பெரிய பீஸ்ல இருக்கறத எடுத்தா போதும்.

ஸ்டெப் 2: ஒரு கொதி விட்டு தண்ணிய கொட்டுங்க

இத ஸ்கிப் பண்ணாதீங்க ப்ளீஸ். பெரிய பாத்திரத்துல கறியப் போட்டு மூழ்குற அளவு பச்சத்தண்ணி ஊத்தி அடுப்ப பத்த வைங்க. சுடுதண்ணில போட்டா வெளிப்பக்கம் டக்குனு வெந்து இறுகிடும், பச்சத்தண்ணில இருந்து மெதுவா சூடேறினாத்தான் உள்ள இருக்குற ரத்தமும் அழுக்கும் வெளிய வரும். கொதி வந்ததும் சாம்பல் கலர்ல நுரை பொங்கும், 3 நிமிஷம் கொதிக்க விட்டு அந்தத் தண்ணிய அப்படியே சிங்க்ல கொட்டிடுங்க. அப்புறம் ஒவ்வொரு துண்டையும் வெதுவெதுப்பான தண்ணில கழுவுங்க. கழுவுறப்போ வெட்டின ஓரத்துல கட்டைவிரல வெச்சு தேச்சுப் பாருங்க, மணல் மாதிரி நறநறன்னு பட்டா அதுதான் எலும்புத்தூள், சில நேரம் ஊசி மாதிரி சில்லே வரும். பசங்க வாயில போறதுக்கு முன்னாடி அத புடிக்குறதுக்கு இதுதான் மொத சான்ஸ். (பச்சக்கறிய குழாய்ல நேரா புடிச்சுக் கழுவுறதவிட இது நல்லது, தண்ணி தெறிச்சு சமையல்மேடை பூரா கிருமி பரவாது.)

ஸ்டெப் 3: குக்கர்

கழுவின கறி, இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், அன்னாசிப்பூ, ஒன்றரை கப் தண்ணி, அவ்ளோதான். சோயா சாஸ், சக்கரை எதுவும் இப்போ வேணாம். சக்கரை அடிப்பிடிச்சுக் கருகும், அதுமட்டுமில்லாம மிச்சமாகுற தண்ணில உப்பு இல்லாம இருந்தாத்தான் அத சூப்பு மாதிரி வேற எதுக்காச்சும் யூஸ் பண்ண முடியும்.

விசில் குக்கர்னா மொத விசில் வந்ததும் தீய சிம்ல வெச்சு 20 நிமிஷம். எலக்ட்ரிக் பிரஷர் குக்கர்னா ஹை பிரஷர்ல 22 நிமிஷம். ஸ்பேர் ரிப்ஸ்னா ரெண்டுலயும் ஒரு 5 நிமிஷம் கூட்டிக்கோங்க. அப்புறம் அடுப்ப அணைச்சிட்டு பிரஷர் தானா எறங்குறதுக்கு ஒரு 10 நிமிஷம் விடுங்க, அவசரப்பட்டு வெயிட்ட தூக்கினா உள்ள தண்ணி பயங்கரமா கொதிச்சு கறி வறண்டு போகும்.

ஏன் இவ்ளோ நேரம்னா, போர்க் 63 டிகிரி செல்சியஸ் தொட்டு மூணு நிமிஷம் இருந்தாலே சாப்பிட பாதுகாப்புன்னு அமெரிக்க விவசாயத்துறை சொல்லுது, ஆனா அந்த சூட்டுல ரிப்ஸ பல்லு முளைச்சு முடியாத கொழந்தையால கடிக்கவே முடியாது. விலாவுல கொலாஜன்னு நார் மாதிரி இறுக்கமான ஒரு புரதம் நெறைய இருக்கு, அது கரைஞ்சு ஜெலட்டினா மாறணும்னா கறியோட உள்சூடு 90 டிகிரி பக்கம் போய் கொஞ்ச நேரம் நிக்கணும். பிரஷர்ல தண்ணி 120 டிகிரி கிட்ட போறதால அந்த வேலை மளமளன்னு முடியுது.

மூடியத் திறந்து ஒரு எலும்ப முள்கரண்டியால லேசா திருகிப் பாருங்க. கறி வழுக்கிட்டு வரணும், ஆனா தானா கழண்டு கெடக்கக் கூடாது. இன்னும் புடிச்சிட்டு இருந்தா மறுபடி மூடி 5 நிமிஷம்.

ஸ்டெப் 4: சாஸ சுண்ட வைக்குறது

ருசி பூரா இங்கதான் இருக்கு. குக்கர் தண்ணிய வடிகட்டி, மேல மெதக்குற கொழுப்ப கரண்டியால எடுத்திடுங்க. அகலமான கடாயில ஒரு கப் அந்தத் தண்ணி, சோயா சாஸ், சக்கரை, வினிகர், துருவின பூண்டு போட்டு நல்ல தீயில கொதிக்க விடுங்க. அகலமான கடாய்னு சொன்னது சும்மா இல்ல, குறுகலான பாத்திரத்துல இதே சுண்டுறதுக்கு ரெண்டு மடங்கு நேரம் ஆகும், அதுக்குள்ள கறி கொழகொழன்னு ஆயிடும்.

மொதல்ல சின்னச் சின்னக் குமிழா வேகமா வரும், சத்தமும் ஜாஸ்தியா இருக்கும். 5, 6 நிமிஷத்துல குமிழ் பெருசாகி சோம்பேறித்தனமா வெடிக்க ஆரம்பிக்கும், சத்தம் கொறையும். அப்போ தேன ஊத்தி ரிப்ஸ உள்ள எறக்குங்க. கரண்டியால கிண்டாதீங்க, கறி உதிர்ந்திடும், கடாயோட காத புடிச்சு குலுக்குங்க, இல்லன்னா சாஸ அள்ளி அள்ளி மேல ஊத்துங்க. ரெண்டு மூணு நிமிஷத்துல ஒவ்வொரு துண்டு மேலயும் பளபளன்னு ஒட்டிக்கும். கடாயோட அடியில கரண்டியால ஒரு கோடு இழுத்தா அந்தக் கோடு ஒரு செகண்ட் மூடாம நிக்கணும், அதான் அடுப்ப அணைக்க வேண்டிய நேரம், இன்னும் ஒரு நிமிஷம் விட்டா சக்கரை கசக்கும். கடைசில நல்லெண்ணெய். சாஸ் சுண்டவே மாட்டேங்குதுன்னா ஒரு டீஸ்பூன் சோளமாவ பச்சத்தண்ணில கரைச்சு ஊத்தலாம், தப்பில்ல, ஆனா அந்தப் பளபளப்பு கொஞ்சம் கம்மியாத்தான் வரும்.

தேன் பத்தி ஒண்ணு. ஒரு வயசுக்குக் கீழ இருக்குற கொழந்தைக்கு தேன் சேர்த்த எதையும் குடுக்கக் கூடாது, கொதிக்க வெச்சா சரியாயிடும்னும் நெனைக்காதீங்க. அதுல இருக்கக்கூடிய பொட்டுலிசம் கிருமியோட வித்து வீட்டு அடுப்புச் சூட்டுக்கு சாகாது.

தட்டுல வைக்குறது

நாலு வயசுக்குக் கீழன்னா எலும்போட குடுக்காதீங்க. கறி கொஞ்சம் ஆறினதும் எலும்ப உருவி எடுத்துட்டு, குருத்தெலும்பையும் எடுத்துட்டு, மிச்சத்த ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு நசுக்கி நசுக்கிப் பிரிங்க. கண்ணுக்குத் தெரியாத சில்லு விரலுக்குத் தெரியும். நீள நாரா விடாம குறுக்க சின்னதா நறுக்கினா தொண்டையில சிக்குற வாய்ப்பு கொறையும். அத சூடான சோறோடவோ நூடுல்ஸோடவோ ஒரு ஸ்பூன் சாஸ் விட்டுப் பெசைஞ்சா போதும், பக்கத்துல மெத்துன்னு வெந்த கேரட், பிராக்கோலி. சாஸ் ஒரு ஸ்பூன்தான், கேட்டாங்கன்னு ஊத்திக்கிட்டே போகாதீங்க, உப்பு பூரா அதுலதான் இருக்கு.

பெரிய பசங்க எலும்ப கையில புடிச்சு கடிக்கத்தான் ஆசைப்படுவாங்க, கடிக்கட்டும், ஆனா உக்காந்துதான் சாப்பிடணும், நீங்க எதிர்லயே இருக்கணும். குடுக்குறதுக்கு முன்னாடி எலும்ப ஒரு தடவ விரலால தடவிப் பாருங்க, பிரஷர்ல வெந்த எலும்போட ஓரம் சில நேரம் பொடிஞ்சு வரும். பெரியவங்களுக்கு வேணுங்கற சில்லி ஃப்ளேக்ஸ் எல்லாம் அவங்கவங்க தட்டுல தூவிக்கட்டும்.

மிச்சமிருந்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜ்ல வெச்சிடுங்க, 3 நாள் தாங்கும். எடுக்குறப்போ சாஸ் ஜெல்லி மாதிரி உறைஞ்சிருக்கும், பயப்படாதீங்க, கரைஞ்ச கொலாஜன்தான் அது. ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சு மூடி போட்டு உள்ள வரைக்கும் ஆவி பறக்கச் சூடு பண்ணுங்க. சூடு பண்றது ஒரு தடவதான், அதனால தேவையான துண்ட மட்டும் எடுத்துட்டு மிச்சத்த ஃபிரிட்ஜ்லயே விடுங்க.