கண்டாங்கிக் கட்டமே அளவுகோல்

எனக்குத் தையல் மெஷின் ஓட்ட வராது. கால் ஒரு தாளம், கை ஒரு தாளம். தபால் அலுவலகக் கவுன்ட்டரில் 31 வருஷம் முத்திரை குத்திவிட்டு, ஓய்வுபெற்ற பிறகு காரைக்குடி வீட்டில் கையாலேயே தைக்க உட்கார்ந்தவள் நான். இதுவரை பதினோரு குயில்ட் முடித்திருக்கிறேன். அதில் இரண்டு கோணல். மெஷின் இல்லாத, ஸ்கேல் பிடித்துக் கோடு போடப் பொறுமை இல்லாத ஆட்களுக்காக என் முறையைச் சொல்கிறேன்.

குயில்ட் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மேலே சின்னத் துண்டுகளை இணைத்துத் தைத்த ஒட்டுத்துணி, நடுவில் மெத்தென்று ஏதாவது ஒன்று, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்க ஓட்டுத்தையல். அவ்வளவுதான். என் அப்பத்தா பிறந்த பிள்ளையைக் கிடத்த பழைய வேட்டியை நாலாக மடித்து, மேலே சேலைத் துண்டு வைத்து ஓட்டித் தருவார். அதற்கு அவர் பெயர்கூட வைக்கவில்லை.

முதலில் துணி. எதிர்வீட்டு ஆச்சி ஒருநாள் வீட்டின் இரண்டாங்கட்டில் இருந்த பெட்டியைத் திறந்து ஒரு பழைய கண்டாங்கியை, எங்கள் பக்கத்துக் கட்டம் போட்ட கைத்தறிப் பருத்திச் சேலையை, எடுத்துக் கொடுத்தார். அரக்கு உடம்பு, கறுப்புக் கரை, நடுவெல்லாம் கட்டம். வெட்ட மனசு வராமல் இரண்டு நாள் மடியிலேயே வைத்திருந்தேன். "வெட்டட்டுமா ஆச்சி?" என்று மறுபடி போய்க் கேட்டால், "உடுத்தறதுக்கு நெய்ஞ்சது ஆத்தா, பூச்சி திங்கிறதுக்கு நெய்யலை. வெட்டு" என்றார். சரி, வெட்டினேன்.

ஆனால் புதுச் சேலையை வாங்கி வெட்டாதீர்கள். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தறியில் உட்கார்ந்து நெய்ததை உடுத்திக் கிழிந்த பிறகு வெட்டுவதுதான் மரியாதை. பழஞ்சேலையிலும் எல்லா இடமும் உதவாது. உட்காரும் இடமும் கால் உரசும் கீழ்ப்பக்கமும் நைந்திருக்கும். இடுப்பில் உள்ளே சொருகும் பகுதியும் முந்தியும் உறுதியாக இருக்கும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பாருங்கள். நூல் விலகி ஓட்டை தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

தையல்கடையில் வெட்டுத்துணி கேட்டால் சாக்காகவே தருவார்கள், தீபாவளிக்கு முந்தின மாதம் போனால் இன்னும் அதிகம். அதில் பாதி பாலியஸ்டராக இருக்கும். ஓரத்தில் நாலு நூல் உருவி, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் சுருங்கி உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். இரண்டும் கலந்ததென்றால் சாம்பலுக்குள் மணி தட்டுப்படும். பருத்தி மட்டும் போதும், நம்ம ஊர் வெயிலுக்கு மற்றது ஆகாது.

அடுத்தது சாயம். இங்கேதான் நான் அவமானப்பட்டேன். குயில்ட் தைக்கிறவர்கள் சிலர் சேர்ந்து துணிச் சதுரங்களைத் தபாலில் மாற்றிக்கொள்வோம். முதல் பரிமாற்றத்தில் அரக்குத் துண்டுகளைச் சோதிக்காமல் அனுப்பிவிட்டேன். கோயம்புத்தூரில் இருந்து ஒரு அம்மா போஸ்ட் கார்டு போட்டார்: "உங்கள் அரக்கு என் வெள்ளையில் குடியேறிவிட்டது." அவ்வளவுதான் எழுதியிருந்தார், திட்டக்கூட இல்லை. அதன்பின் எந்தத் துணியானாலும் நனைத்து, வெள்ளை வேட்டித் துண்டை அதன்மேல் வைத்து அழுத்தி, இஸ்திரிப் பெட்டியை ஓட்டிப் பார்க்கிறேன். வெள்ளையில் கறை ஏறினால் மறுபடி அலசல், மறுபடி சோதனை. மூன்று தடவையிலும் நிற்கவில்லையா, அது கரித்துணி. கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். என் கையில் நின்றதில்லை.

அலசிக் காய்ந்ததும் கஞ்சி போடுங்கள். சோறு வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து, வடிகட்டி, துணியை முக்கிப் பிழிந்து நிழலில் உலர்த்தி, ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே இஸ்திரி. பழம்பருத்தி வெட்டும்போது நெளியும். கஞ்சி ஏறினால் அட்டை மாதிரி நிற்கும், கத்தரி சொன்னபடி கேட்கும். ஒன்று மட்டும்: கஞ்சித் துணியை அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்தால் பூச்சிக்கு விருந்து. தைத்து முடித்ததும் கஞ்சி போக அலசிவிட வேண்டும்.

இனி வெட்டு. கண்டாங்கியில் கட்டம் என்பது அச்சடித்த கோடு அல்ல. பாவு நூல் நிறம் மாறும் இடத்தில் நெடுக்குக் கோடு, ஊடை நூல் நிறம் மாறும் இடத்தில் குறுக்குக் கோடு. கட்டத்தைப் பார்த்து வெட்டினாலே நூலோட்டத்தில் வெட்டியதாகிவிடும். நூலோட்டம் தப்பிக் கிராஸாக வெட்டிய துணி இழுபடும், சதுரம் சதுரமாக இருக்காது. என்னுடைய அந்த இரண்டு கோணலும் கட்டமில்லாத துணியைக் கண்ணளவில் வெட்டியதால் வந்த வினை. சேலையே முறுக்கிக்கொண்டு நின்றால் ஈரத்தோடு எதிர்எதிர் மூலையைப் பிடித்து இழுங்கள், கட்டம் நேராகிவிடும்.

ஆச்சி கொடுத்த சேலையில் ஒரு கட்டம் முக்கால் அங்குலம். ஒன்பது கட்டம் எண்ணி வெட்டினால் ஆறே முக்கால் அங்குலச் சதுரம். நாலு பக்கமும் அரைக்கட்டம் தையலுக்குப் போகும். மிஞ்சுவது எட்டுக் கட்டம், சரியாக ஆறு அங்குலம். டேப் எடுக்க வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். உங்கள் சேலையில் கட்டம் வேறு அளவாக இருக்கலாம், கணக்கு அதேதான். கட்டம் இல்லாத துணிக்கு அதே அளவில் கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, மேலே வைத்துச் சுற்றிலும் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

குறுக்கே 6, நெடுக்கே 8, மொத்தம் 48 சதுரம். தைத்தால் மூன்றடிக்கு நாலடி. குழந்தைக்கு விரிப்பாகும், பெரியவர்களுக்கு மடிமேல் போட்டுக்கொள்ளவாகும். முதல் வேலைக்கு இதற்குமேல் போகாதீர்கள். எங்கள் வளவில் ஆத்தங்குடிக் கல் பாவியிருக்கிறது. சதுரங்களை அதன்மேல் பரப்பிவைத்து, நடந்தபடி இரண்டு மூன்று நாள் பார்ப்பேன். அடர் நிறம் எல்லாம் ஒரே மூலையில் கூடியிருந்தால் இந்த நடையில் தெரிந்துவிடும். வீட்டுக்காரர் ஓரமாகத் தாண்டித்தாண்டிப் போவார்.

முதலில் எட்டெட்டாக வரிசை, பிறகு வரிசையோடு வரிசை. கை ஊசி 9-ஆம் நம்பர் கேளுங்கள். கை ஊசியில் நம்பர் கூடக்கூட ஊசி மெலியும். தைத்த மடிப்பை இரண்டாகப் பிரித்துத் தேய்க்காமல், அடர் நிறத் துணியின் பக்கம் சாய்த்துத் தேயுங்கள். கைத்தையலுக்கு அதுதான் பலம், வெளிர் துணி வழியே நிழலும் தெரியாது.

நடு மெத்துக்கு இலவம்பஞ்சு வேண்டாம், அலசினால் ஒரு மூலையில் உருண்டுகொள்ளும். பாலியஸ்டர் மெத்தும் வேண்டாம். கரண்ட் போன சித்திரை மத்தியானத்தில் போர்த்திப் பார்த்தால் காரணம் தெரியும். பழைய எட்டு முழ வேட்டியை இரண்டு அடுக்காக வையுங்கள். அடித்துணியை நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டுத் தரையில் விரித்து, ஓரங்களை டேப் ஒட்டி இழுத்து நிறுத்துங்கள். அதன்மேல் வேட்டி, அதன்மேல் ஒட்டு. நடுவில் இருந்து வெளியே, நாலு விரற்கடைக்கு ஓர் ஊக்கு குத்துங்கள். ஓரத்தில் இருந்து ஆரம்பித்தால் நடுவில் காற்றுப்பை மாதிரி உப்பிக்கொள்ளும்.

ஓட்டுத்தையலும் நடுவில் இருந்துதான். நூல் நுனியில் சின்ன முடிச்சு. ஊசியை ஓர் அங்குலம் தள்ளி மேல்துணியில் மட்டும் குத்தி, தைக்கத் தொடங்கும் இடத்தில் எடுங்கள். நூலை மெல்ல இழுக்க, முடிச்சு துணியில் வந்து தடுக்கி நிற்கும். இன்னும் கொஞ்சம் சுண்டினால் "டப்" என்று ஒரு சத்தம், முடிச்சு உள்ளே புதைந்துவிடும். அந்தச் சத்தத்துக்காகவே நான் நூலைச் சின்னதாக வெட்டிக்கொள்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். பிறகு கட்டக் கோட்டின்மேலேயே ஓட வேண்டியதுதான். ஓர் அங்குலத்துக்கு ஐந்து ஆறு தையல் போதும். பத்து போடுகிற கைகாரிகள் இருக்கிறார்கள், அவர்களோடு போட்டி வேண்டாம். நூலை இறுக்கினால் துணி சுருங்கும். ஆனால் கொஞ்சம் சுருங்கினால் நான் பிரிப்பதில்லை, தொட்டால் நன்றாக இருக்கிறது.

கடைசியில் ஊக்குகளை எடுத்துவிட்டு, வெளியே நிற்கிற அடித்துணியை மேலே மடித்து, இன்னொரு மடிப்பு உள்ளே செருகித் தைத்தால் ஓரம் முடிந்தது. கண்டாங்கிக் கரை மிஞ்சியிருந்தால் அதை ஓரத்துக்கு வைக்கலாம். அடர்த்தியான நெசவு, சீக்கிரம் பிரியாது.

சதுரமே பிடிக்காதவர்களுக்கு வட கர்நாடகத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவண்டி என்ற குயில்ட் இருக்கிறது. அவர்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச்சுற்றி உள்நோக்கித் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருகிறார்கள், முடிவில் நாலு மூலையிலும் மடித்த துணியால் பூ வைக்கிறார்கள். அளவே இல்லை. நான் ஒன்று தைத்தேன். எண்ணிப் பழகிய கைக்கு அந்தச் சுதந்திரம் ஒத்துவரவில்லை.

பரிமாற்றத்துக்கு வருகிறேன். எட்டுப் பேர் சேருங்கள். ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ள ஒரே துணியில் 48 சதுரம் வெட்டி, ஆறைத் தமக்கு வைத்துக்கொண்டு 42-ஐ அனுப்ப வேண்டும். ஆளுக்கு எட்டு வகைத் துணியில் ஆறாறு கிடைக்கும், அதாவது ஒரு குயில்ட்டுக்குச் சரியாக 48. ஒருவருக்கொருவர் நேரடியாக அனுப்பினால் 56 கவர். ஒருவரிடம் குவித்துப் பிரித்து அனுப்பினால் ஏழு உள்ளே, ஏழு வெளியே, 14 கவர்தான். பழைய தொழில் புத்தி, கவரை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அளவை ஏழு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்குக் கை கொஞ்சம் குறையும், பெற்றவர் சரிசெய்து வெட்டிக்கொள்வார். 42 சதுரம் 200 கிராமுக்குள் அடங்கும். ஐப்பசி மழையில் அனுப்பினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை போடுங்கள். அந்துருண்டை வாடையோடு எதையும் அனுப்ப வேண்டாம், அலசினாலும் போகாது. பின்கோடு ஆறு இலக்கமும் தெளிவாக இருக்கட்டும். நாலை ஒன்பது மாதிரி எழுதுகிறவர்களால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு: என்ன துணி, எந்த ஊர், யார் உடுத்தியது, சாயம் நிற்குமா. மதுரைச் சுங்குடி வந்தபோது சீட்டில் "அம்மா வளைகாப்புச் சேலை" என்று இருந்தது. அதைச் சோபா மேல் போடும் விரிப்பில் வைக்க மனசில்லை, மகள் பிள்ளைக்கு வைத்தேன். குஜராத்தின் கச்சிலிருந்து வந்த அஜ்ரக் அச்சுத்துணிக்குச் சீட்டே இல்லை, அது இன்னும் ஓலைக் கொட்டானிலேயே கிடக்கிறது.

கணக்கு எழுதுங்கள். செட்டிநாட்டில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? மொய்ப்பண ஏடு எழுதுகிற ஊர். என் நோட்டில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. கோயம்புத்தூர் அம்மாவுக்கு அந்த அரக்குக்குப் பதிலாக மஞ்சள் கட்டம் 12 சதுரம், மூன்று தடவை அலசியது, அனுப்பியதாகச் செலவில் இருக்கிறது. பதிலுக்கு வந்த கவரில் என் அரக்கு குடியேறிய வெள்ளைத் துண்டு ஒன்றைச் சதுரமாக வெட்டி வைத்திருந்தார். இளஞ்சிவப்பாக, நன்றாகத்தான் இருக்கிறது. வரவு: ஒன்று.