முதல் காம்பாக்ட் கேமரா: வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

தாராவியில் இருக்கும் என் அக்கா மகள் முதல் சம்பளத்தில் காம்பாக்ட் கேமரா, அதாவது லென்ஸைக் கழற்ற முடியாத சின்னக் கேமரா, வாங்கப்போகிறாள். "மாமா, 20 மெகாபிக்சல் போதுமா?" என்று கேட்டாள். அவள் எடுக்க ஆசைப்படுவது அவர்கள் தெருவில் பொங்கலன்று வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைப்பார்களே, அந்தக் காட்சி. குறுகிய சந்து, விடிந்தும் விடியாத வெளிச்சம், நடுவில் புகை. அங்கே மெகாபிக்சல், அதாவது படத்தில் எத்தனை பத்து லட்சம் புள்ளிகள் என்ற கணக்கு, கைகொடுக்காது.

கணக்கைப் பாருங்கள். ஸ்டூடியோவில் போட்டுத் தரும் 4×6 பிரிண்டுக்கு 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் இருந்தால் சரி. முழு ஏ4 தாளுக்கே சுமார் 9 போதும். இன்றைக்கு எந்தக் கேமராவிலும் அது உண்டு. பார்க்க வேண்டியது, உள்ளே வரும் வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லான சென்சாரின் அளவு. விலை குறைந்த காம்பாக்ட்களில் பெரும்பாலும் 1/2.3 அங்குலம் என்று போட்டிருக்கும். அதாவது ஏறத்தாழ 6.2×4.6 மில்லிமீட்டர். 1 அங்குல வகை 13.2×8.8 மில்லிமீட்டர். (அளந்தால் அது ஓர் அங்குலம் வராது. பழைய டிவி கேமராக் குழாய்களின் அளவிலிருந்து வந்த பெயர் அது.) பரப்பில் நாலு மடங்கு வித்தியாசம். மங்கிய வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாகப் போவதும் போகாததும் பெரும்பாலும் இதைப் பொறுத்தது. 2012-இல் சோனி ஆர்எக்ஸ்100 வந்தபோது அவ்வளவு பேசப்பட்டதற்குக் காரணமும், சட்டைப்பைக் கேமராவுக்குள் அந்தச் சென்சாரை வைத்ததுதான்.

அடுத்தது ஜூம். என் முதல் கேமராவை 30 மடங்கு ஜூமைப் பார்த்துத்தான் வாங்கினேன். அந்த வருஷ நவராத்திரிக்கு மாட்டுங்காவில் ஒரு வீட்டுக் கொலு. பின்னால் நின்று ஜூம் செய்து எடுத்த அத்தனை படமும் கலங்கல். லென்ஸைச் சுற்றி 3.3–6.4 என்பதுபோல எண்கள் இருக்கும். லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைச் சொல்பவை அவை; எண் கூடக்கூட வெளிச்சம் குறையும். முதல் எண் ஜூம் செய்யாதபோது, இரண்டாவது முழு ஜூமில். அப்படியானால் முழு ஜூமில் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். வீட்டு விசேஷம், கோயில், தெரு என்று எடுப்பவருக்கு 3 முதல் 5 மடங்கு ஜூமும், 1.8-இல் தொடங்கும் லென்ஸும் மேல். டிஜிட்டல் ஜூமைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான் அது.

இன்னொன்றை மனசாரச் சொல்கிறேன். கையில் ஓரளவு நல்ல போன் இருந்தால், சின்ன சென்சார் கேமராவை வாங்காதீர்கள். போன் பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கித் தருவதால் இருட்டில் அதுவே ஜெயிக்கும். இன்னும் ஆறு மாதம் சேர்த்துவைத்து, பெரிய சென்சார் உள்ளதை வாங்கலாம்.

மும்பை ஃபோர்ட் (கோட்டை) பகுதியில் போரா பஜார் பக்கம் கேமராக் கடைகள் நிறைய. போகும்போது சொந்தமாக ஒரு மெமரி கார்டு கொண்டுபோங்கள். கடையின் இருண்ட மூலையை நாலு படம் எடுத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் பாருங்கள். அப்புறம் முடிவெடுங்கள். "பில் வேண்டாம்னா இரண்டாயிரம் கம்மி" என்றால் மயங்க வேண்டாம். சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில்லும் இந்திய வாரன்டியும் இல்லாவிட்டால், லென்ஸ் பாதியில் சிக்கிக்கொண்டால் அந்தச் செலவு முழுக்க உங்களுடையது.

பழைய டிஜிட்டல் கேமராக்களுக்கு இப்போது மவுசு. அவற்றில் சில எக்ஸ்டி (xD) என்ற பழைய வகை மெமரி கார்டு கேட்கும். அந்தக் கார்டு இப்போது தயாரிப்பில் இல்லை. பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸில் டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால், சிலந்தி வலைபோல் மெல்லிய இழை தெரிகிறதா? அது பூஞ்சை, வாங்காதீர்கள்.

மும்பை மழைக்காலத்தில் புதுக் கேமராவுக்கும் அது வரும். தோல் உறையில் போட்டு பீரோவுக்குள் வைப்பதுதான் பலரும் செய்கிற தவறு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீலக் குருணை இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம், உடனே மாற்றிவிடுங்கள்.