வீட்டுப் பெட்டியில் முட்டை பொரிக்கும்போது சூட்டைக் காப்பது எப்படி?

பொரியாத முட்டையை எல்லாம் கூமுட்டை என்று சொல்லித் தூர எறிந்துவிடுகிறோம். ஆனால் உடைத்துப் பார்த்தால், இறகு முளைத்த குஞ்சு உள்ளேயே இறந்து கிடப்பதைப் பல நேரம் காணலாம். அது சேவல் சேராத முட்டை அன்று. பெட்டியின் சூட்டிலோ ஈரப்பதத்திலோ நாம் விட்ட பிழையால் போன உயிர்.

கோழி முட்டை பொரிய 21 நாள் ஆகும். சிறு விசிறி பொருத்திக் காற்றைச் சுழலவிடும் பெட்டியில் 37.5 முதல் 37.8 டிகிரி செல்சியஸ் சூடு இருக்க வேண்டும். விசிறி இல்லாத பெட்டியில் சூடான காற்று மேலே தங்கிவிடுவதால், முட்டைகளின் மேல்மட்டத்தில் அளந்து 38.3 முதல் 38.9 டிகிரி வரை வைக்க வேண்டும். வெப்பமானியை மூடியின் அருகில் தொங்கவிட்டால் அது காட்டும் எண்ணுக்கும் முட்டை உணரும் சூட்டுக்கும் தொடர்பே இருக்காது.

வெப்பமானியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில், காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியையும், பெட்டியைச் சூடாக்கும் பல்பைச் சூட்டுக்கு ஏற்ப அணைத்து எரியவைக்கும் தெர்மோஸ்டாட்டின் உணர்முனையையும் சேர்த்துப் பிடித்து நீரை மெல்லக் கலக்கிக்கொண்டே இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், அந்த ஒரு டிகிரியைக் கணக்கில் கொண்டுதான் அளவை அமைக்க வேண்டும். முட்டை வைப்பதற்கு முன் ஒரு முழு நாள் பெட்டியை வெறுமையாக ஓடவிட்டு, நள்ளிரவிலும் உச்சிவெயிலிலும் சூடு எப்படி மாறுகிறது என்று குறித்துக்கொள்வது மிக நல்லது.

நம் பகுதியில் குளிரைவிட வெப்பமே பெரிய பகை. ஈரோடு, கரூர்ப் பக்கம் சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரையின் கீழ் அதற்கும் மேலே போகும். தெர்மோஸ்டாட் பல்பை அணைக்குமே தவிரப் பெட்டியைக் குளிர்விக்காது. ஒரு கோடையில் பல்பு அணைந்திருப்பதைப் பார்த்து நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். மாலையில் பெட்டி 41 டிகிரி காட்டியது, அந்த அடையில் ஒரு குஞ்சும் தேறவில்லை. சில மணி நேரம் சூடு குறைந்தால் கரு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், பொரிப்பது சற்றுத் தள்ளிப்போகும். மிகுந்த சூடோ சீக்கிரமே கொன்றுவிடும். ஆகவே பெட்டியை ஓட்டு வீட்டின் உள்ளறையில், வெயில் படாத சுவரோரம் தரையில் வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசத் தொடங்கும் ஆனி, ஆடி வரை பொறுத்து அடை வைப்பது இன்னும் பாதுகாப்பானது.

மின்சாரம் நின்றால் உடனே போர்வையைத் தேட வேண்டாம். முதலில் அறையின் சூட்டைப் பாருங்கள். மார்கழி இரவென்றால் மூடியைத் திறக்காமல் கம்பளியால் போர்த்திவிடலாம். கோடைப் பகலில், அதிலும் 15 நாள் கடந்த முட்டைகள் என்றால், வளர்ந்த கருக்களே வெப்பத்தை வெளியிடுவதால் மூடியைச் சற்றுத் திறந்துவைக்க வேண்டும். ஒரே பெரிய பல்புக்குப் பதிலாக இரண்டு சிறிய குண்டு பல்புகளைப் பொருத்தினால், இரவில் ஒன்று பியூஸ் போனாலும் மற்றொன்று ஓரளவு காப்பாற்றும். எல்.இ.டி. பல்பு இதற்குப் போதிய வெப்பம் தராது.

பதினெட்டாம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, தண்ணீர்த் தட்டின் பரப்பைக் கூட்டி, அதுவரை 50 முதல் 55 விழுக்காடாக இருந்த ஈரப்பதத்தை 65க்கு மேல் உயர்த்துங்கள். ஓட்டைக் கொத்தத் தொடங்கிய பின் ஆவலில் மூடியைத் திறந்தால் ஈரம் வெளியேறி, உள்சவ்வு குஞ்சின் மேல் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பொரிந்த குஞ்சுகள் இறகு உலரும்வரை உள்ளேயே இருக்கட்டும். முட்டைக்குள் உறிஞ்சிய மஞ்சள்கரு முதல் நாள் முழுதும் அவற்றுக்கு உணவாகும்.