ஒரே தோட்டம், இரண்டு கோப்பை: பிளாக் டீயும் கிரீன் டீயும் சுவைத்துப் பார்க்கும் முறை

குன்னூருக்கு வந்துபோகிற சொந்தக்காரர்கள் பஸ் ஏறும் முன் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நல்ல டீத்தூள் எங்கே கிடைக்கும்?" அவர்கள் கணக்கில் நல்ல டீ என்றால் பாலில் விட்டதும் செங்கல் நிறம் வர வேண்டும். தப்பே இல்லை, காலையில் நானும் அதைத்தான் குடிக்கிறேன். ஆனால் பாலும் சர்க்கரையும் சேர்ந்தபின் மிஞ்சுவது நிறமும் கடுப்பும்தான், அந்தத் தோட்டத்து இலை எப்படிப்பட்டது என்று அதில் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் ஒரே எஸ்டேட்டின் பிளாக் டீயையும் கிரீன் டீயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெறும் தண்ணீரில் போட்டு, ஒருமுறை குடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே செடி. பறித்த கொழுந்தை ஃபேக்டரி என்ன செய்தது என்பதில்தான் வித்தியாசம் எல்லாம்.

கடையில் கேட்கும்போது 'கிரீன் டீ' என்றே கேளுங்கள். எங்கள் ஊரில் 'பச்சைத் தேயிலை' என்றால் சிறு விவசாயிகள் கிலோ கணக்கில் ஃபேக்டரிக்குப் போடும் பறித்த இலை, விலை ஏறியதா இறங்கியதா என்று தினமும் பேசப்படுவது அதுதான்.

அடுத்தது, ஆர்த்தடாக்ஸ் வாங்குங்கள், அதாவது இலை முறுக்கிய வடிவில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வீட்டில் பால் டீக்குப் போடும் குருணை சி.டி.சி. ரகம். 1930 வாக்கில் அசாமில் வந்த இயந்திர முறை அது, பல் வைத்த உருளைகள் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிவிடும். சட்டென்று சாயம் இறங்கும், பாலுக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை, ஆனால் நாம் பார்க்கப்போகிற நுணுக்கங்கள் அதில் அமுங்கிப்போகும். முடிந்தால் எஸ்டேட்டின் சொந்தக் கவுன்டரில், இரண்டும் ஒரே மாதத்தில் பேக் செய்ததாகப் பார்த்து, ஐம்பது ஐம்பது கிராம் வாங்கினால் போதும். டிசம்பர், ஜனவரிப் பறிப்பு கிடைத்தால் விடாதீர்கள். பனிக்காலத்தில் செடி மெதுவாகத்தான் துளிர்க்கும், வாசனை அப்போதுதான் திரண்டிருக்கும். மழைக்காலக் கொழுந்து மளமளவென்று வளரும், குடித்தால் கொஞ்சம் தண்ணியாக இருக்கும்.

இன்னொன்று, டீத்தூளையும் நீலகிரித் தைலத்தையும் ஒரே பையில் வைக்காதீர்கள். காய்ந்த இலையில் ஈரம் மூன்று சதவீத அளவுக்குத்தான் இருக்கும், பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையை இழுத்துக்கொள்ளும். மதுரை அத்தைக்கு இரண்டையும் ஒன்றாகக் கட்டி அனுப்பிவிட்டு நான் வாங்கிய திட்டு இருக்கிறதே! "ஏன்டா, டீத்தூளா, இருமல் மருந்தா?" என்றார். சுவைக்கும் அன்றைக்கு மூக்கில் தைலம் தடவிக்கொள்வதும் வேண்டாம், ஊட்டி வர்க்கி பிஸ்கட் சாப்பிடுவதையும் எல்லாம் முடிந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அளவு. குன்னூரில் வாராவாரம் தேயிலை ஏலம் நடக்கிறது, 1963 முதல் நடக்கும் ஏலம். அதற்காக மாதிரிகளைச் சுவைத்துப் பார்ப்பவர்கள் வரிசையாக வைத்த கோப்பைகளை உறிஞ்சிப் பார்த்துத் துப்பிக்கொண்டே போவார்கள், நாம் செய்யப்போவது அவர்கள் வேலையின் வீட்டு வடிவம்தான். 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை. இங்கே ஸ்பூன் கணக்கு உதவாது, ஏனென்றால் முறுக்கிய இலை ஒரு ஸ்பூன் எடுப்பதும் தூள் ஒரு ஸ்பூன் எடுப்பதும் எடையில் ஒன்றல்ல. சமையலறைத் தராசு 2 கிராமைச் சரியாகக் காட்டவில்லை என்றால் 10 கிராம் நிறுத்து, ஒரு தாளில் கொட்டி, கண்ணால் ஐந்து கூறு போடுங்கள், ஒரு கூறு ஒரு கோப்பைக்கு. கோப்பைகள் வெள்ளைப் பீங்கானாக, ஒரே அளவில் இருக்கட்டும். எவர்சில்வர் டம்ளரில் நிறம் தெரியாது.

தண்ணீர் உப்பாக இருந்தால் டீ மங்கிப்போய் மேலே ஏடு படியும், அப்புறம் எஸ்டேட்டைக் குறை சொல்லக் கூடாது. புதிதாகப் பிடித்த நல்ல தண்ணீரை ஒரே முறை கொதிக்க வையுங்கள். மலையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 94 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் அதற்கும் கொஞ்சம் கீழே. இங்கே குடித்துவிட்டு ஆசையாக வாங்கிப்போன அதே இலை சென்னையில் 100 டிகிரித் தண்ணீரில் போட்டதும் கடுத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். கீழே போனால் இலை ஊறும் நேரத்தில் அரை நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்றில் இரண்டுக்கும் ஒரே கொதிநீர், சாசரால் மூடி ஒரே ஐந்து நிமிடம். கிரீன் டீக்கு இவ்வளவு சூடு ஆகாது என்று பாக்கெட்டில் போட்டிருக்கும், குடிப்பதற்கென்றால் அது சரிதான். ஆனால் நாம் இப்போது சோதிக்கிறோம். இலையிடம் குறை இருந்தால் கொதிநீரில் அது ஒளிய முடியாது.

வடிகட்டியதும் உடனே குடிக்க வேண்டாம். முதலில் ஊறிய இலையை மூடியில் கவிழ்த்துப் பாருங்கள். பிளாக் டீயின் ஈர இலை புதுச் செப்புக்காசு மாதிரி பளிச்சென்று இருந்தால் நல்ல அறிகுறி, கறுத்துச் செத்த நிறத்தில் இருந்தால் எங்கோ தவறு நடந்திருக்கிறது. கிரீன் டீயின் இலை வேகவைத்த கீரை மாதிரி இருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் பழையது, அல்லது ஃபேக்டரியில் சூடு காட்டத் தாமதித்திருக்கிறார்கள். கொழுந்து முழுசாக விரிந்தால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கூட அகப்படும். சூடு ஆறும் முன் மூக்கை நன்றாகக் கிட்டே கொண்டுபோய் முகருங்கள். எங்கள் பக்கத்து நல்ல பிளாக் டீயில் பூவாசனை வரும், சிலதில் நார்த்தந்தோலைக் கிள்ளியது போல ஒரு வாசம். கிரீன் டீயில் கீரை, வெந்த பயறு, சில சமயம் வைக்கோல். புகை வாடை வந்தால் உலர்த்தும் அடுப்புப் புகை இலைக்குள் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது உறிஞ்சுங்கள். சத்தமாக. ஸ்பூனில் எடுத்து 'சர்ர்ர்' என்று காற்றோடு சேர்த்து இழுத்தால்தான் அது வாய் முழுக்கப் பரவி, வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். சின்ன வயதில் இதற்காகவே முதுகில் வாங்கியவன் நான், இப்போது மனசாட்சி உறுத்தாமல் செய்கிறேன்.

வாயில் என்ன தேடுவது? இங்கேதான் நம் பாஷை கைகொடுக்கிறது. டீ எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் "கசக்குது" என்றுதான் பதில் வரும். கசப்பு வேறு, துவர்ப்பு வேறு. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த நாமே இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். பாகற்காயை நினையுங்கள், அது கசப்பு, நாக்கில் நிற்கும். கொய்யாப்பிஞ்சையோ பாக்கையோ மெல்லுங்கள், கன்னத்து உள்பக்கம் இழுத்துப்பிடிக்கும், வாய் உலர்ந்த மாதிரி ஆகும், அது துவர்ப்பு. டீயில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருட்கள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது அந்தப் பிடிப்பு. கசப்பில் காஃபீனுக்கும் பங்குண்டு. ஏலக்காரர்கள் 'பிரிஸ்க்' என்று புகழ்வது, கவ்விவிட்டுச் சட்டென்று விட்டுவிடுகிற சுறுசுறுப்பான துவர்ப்பை. நெல்லிக்காய் சாப்பிட்டபின் எச்சில் ஊறுமே, கிட்டத்தட்ட அப்படி. கவ்வியது விடாமல் நாக்கில் கம்பளி போட்டது போல உட்கார்ந்திருந்தால் நல்லதில்லை. எதுவுமே கவ்வாமல் வெந்நீர் மாதிரி இறங்கினால் அது 'ஃபிளாட்'.

இரண்டு கோப்பைக்கும் மாறி மாறிப் போய் வந்தால், நடுவில் ஒரு வாய் வெந்நீர் குடித்துக்கொண்டு, வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது தானாக விளங்கும். பிளாக் டீக்கான கொழுந்தை ஏறக்குறைய 12 முதல் 18 மணி நேரம் வாடவைத்து, முறுக்கி, காற்றுப்பட வைக்கிறார்கள். அதை நொதிக்கவைப்பது என்று சொன்னாலும் தோசை மாவு போல எந்த நுண்ணுயிரும் அங்கே வேலை செய்வதில்லை. நறுக்கிய ஆப்பிள் பழுப்பாவது போல, இலையின் சொந்த நொதியும் ஆக்ஸிஜனும் சேர்ந்து கேட்டசின் என்ற பாலிஃபீனால்களை வேறு பொருளாக மாற்றுகின்றன. தியாஃப்ளேவின் என்பது பொன்நிறத்தையும் அந்தப் பிரிஸ்க்கையும் தரும், தியாரூபிஜின் சிவப்பையும் கனத்தையும் தரும். கிரீன் டீயில் பறித்தவுடனே ஆவியிலோ சூடான சட்டியிலோ காட்டி அந்த நொதியைக் கொன்றுவிடுவதால் கேட்டசின் அப்படியே தங்கிவிடுகிறது. அதனால் அதன் துவர்ப்பு பச்சையாக, பிஞ்சுக்காய்த்தனமாக இருக்கும். இரண்டிலும் பொதுவாக ஏதோ ஒன்று, அந்தப் பூவாசனையோ பின்னால் வரும் லேசான இனிப்போ, தட்டுப்பட்டால் அதைக் குறித்துவையுங்கள். அது அனேகமாகத் தோட்டத்துடையது, மற்றதெல்லாம் ஃபேக்டரியுடையது. முதல் தடவையே பிடிபடாது, எனக்கு நாலைந்து ஞாயிற்றுக்கிழமை ஆனது.

கோப்பைகளை ஆறவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். சூட்டில் மறைந்த குறை ஆறியதும் வெளியே வரும்.

இரண்டாவது சுற்று குடிப்பதற்கு. கிரீன் டீக்குக் கொதித்த தண்ணீரை டீ மாஸ்டர் போல இரண்டு டம்ளருக்கு நடுவே இரண்டு தடவை ஆற்றுங்கள், 80 டிகிரிக்கு அருகே வந்துவிடும். இரண்டு நிமிடம் போதும். அந்தக் கடுகடுப்பு போய் அதே இலை இனிப்பதைப் பார்த்தால் கொஞ்சம் ஆச்சரியமாகவே இருக்கும். அதே இலையில் மறுபடி ஒருமுறை தண்ணீர் விடலாம், பிளாக் டீயில் இது அவ்வளவாகத் தேறாது.

மிச்சமிருக்கும் பிளாக் டீயில் கடைசியாக ஒரு ஸ்பூன் சூடான பால் விடுங்கள். துவர்ப்பு உடனே அடங்கும், பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் எச்சிலுக்குப் பதில் தானே போய்ப் பிடித்துக்கொள்கிறது. நிறம் பொன்னாகத் திரும்பினால் இலை நல்லது, சாம்பல் பூத்தால் சுமார். கிரீன் டீயில் மட்டும் பாலை விட்டுவிடாதீர்கள், நான் ஒருமுறை விட்டுப் பார்த்து அந்தக் கோப்பையை ரோஜாத் தொட்டியில் ஊற்றினேன்.