எழும் நேரத்தைப் பார்க்காதீர்கள், மேசையைப் பாருங்கள்

நிறைய வேலை முடிக்கிறவரைப் பார்த்தால் நாம் முதலில் கேட்பது, "காலையில எத்தனை மணிக்கு எழுவீங்க?" என்றுதான். தவறு அங்கேயே தொடங்குகிறது. நானும் இரண்டு மாதம் நாலரைக்கு எழுந்தேன். இரவு படுக்கும் நேரம் மாறவில்லை. கணக்கு எழுதுவது என் தொழில். தூக்கக் கலக்கத்தில் போட்ட பதிவுகளைத் திருத்தவே மறுநாள் போய்விடும். பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து உளவியலாளர் எரிக்சன் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், சிறந்து விளங்கியவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தூங்கினார்கள். பகலிலும் கொஞ்சம் கண்ணயர்ந்தார்கள்.

பார்க்க வேண்டியது எதை என்று எனக்குப் புரிந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டையில், ஒரு கொலுசுப் பட்டறையில். பற்றவைக்க உட்காரும் முன்பே அந்தப் பெரியவருக்கு வளையம், முத்து, கொக்கி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். "நெருப்பு வெச்சதுக்கு அப்புறம் எந்திரிக்கக் கூடாது கண்ணு. ஆறிப்போச்சுன்னா மறுக்கா சூடேத்தோணும்" என்பார்.

மனசும் அப்படித்தான் ஆறுகிறது. ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவினால், பழையதன் மிச்சம் மனதில் தங்கி புதிய வேலையைக் கெடுக்கிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் எழுதினார். மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி என்ற வரிக் கணக்கைத் தாக்கல் செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பில்கள் முழுசாக வராமலே உட்காருவோம். விட்டுப்போன ஒரு பில்லைத் தேடி வாட்ஸ்அப்பைத் திறப்போம். நான்கு செய்திக்குப் பதில் போட்டுவிட்டுத் திரும்பினால், எந்த வரியில் நின்றோம் என்பதே மறந்திருக்கும். சோம்பேறித்தனம் என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம். உண்மையில் எடுத்து வைக்காமல் உட்கார்ந்ததுதான் பிழை. இப்போது நான் வாடிக்கையாளர்களிடம் 12ஆம் தேதியே பில் கேட்டுவிடுகிறேன். எல்லாம் வந்து சேர்ந்த கோப்பைத்தான் திறப்பேன்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைக் கடக்கும்போதெல்லாம் இதே நினைவுதான். டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய அந்த நிறுவனம் நூற்றுக்கும் மேல் படம் எடுத்தது. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேப் எல்லாம் ஒரே வளாகத்தில். அவருடைய கண்டிப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்த வளாகத்தின் ஏற்பாட்டையும் அதே அளவு பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

அதே சாலையில் இன்னும் மேலே, 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, லேப்டாப்போடு அறை எடுத்துத் தங்குகிறவர்கள் உண்டு. குளிரும் அமைதியும் உதவும்தான். ஆனால் கீழே எடுத்து வைக்காத காகிதம் மேலேயும் இருக்காது.

இன்னொரு தவறு, நேரத்தைக் குறைத்துக் கணக்கிடுவது. உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே இதற்கு 'திட்டமிடல் பிழை' (planning fallacy) என்று பெயர் வைத்துவிட்டார்கள். போன முறை அந்த வேலைக்கு எத்தனை நாள் ஆனது என்று பார்த்துத் தேதி சொல்லுங்கள். மனசு சொல்லும் நாளைச் சொல்லாதீர்கள்.

இன்றிரவு கடையோ அலுவலகமோ பூட்டும் முன் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை முதல் வேலைக்கு வேண்டியதை மட்டும் மேசையில் வைத்துவிட்டு, மற்றதை அலமாரியில் போட்டு மூடிவிடுங்கள்.