வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு: வருமானக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

சிங்கப்பூரில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வாடகை வீட்டில் இருப்பவர்களிடம் வீடு வாங்கும் பேச்சை எடுத்தால் பெரும்பாலும் வரும் கேள்வி, "சம்பளம் கூடினால் இருக்கிற வீடும் போய்விடுமா?" என்பதுதான். வாடகை வீட்டுக்குக் குடும்ப வருமானம் மாதம் 1,500 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டக்கூடாது என்று கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். வருமானம் ஏறினால் வாடகையும் ஏறும். அந்தப் பயத்தில் கிடைத்த ஷிஃப்டை வேண்டாம் என்கிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. வாங்குகிறவர்களுக்கான வருமான உச்சவரம்பு எங்கோ உயரத்தில் இருக்கிறது. புதிய நாலறை வீட்டுக்கு அது 2019இலேயே 14,000 வெள்ளியாக உயர்ந்துவிட்டது. நம் ஆட்கள் தடுக்கி விழுவது வேறு இடத்தில்.

முதன்முறை வாங்குவோருக்கு மசேநிதி (மத்திய சேமநிதி, சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் சேமிப்பு) வீட்டு மானியம் ஒன்று இருக்கிறது. 2024 ஆகஸ்ட் முதல் அது அதிகபட்சம் 120,000 வெள்ளி. சம்பளம் குறையக் குறைய மானியம் கூடும். குடும்ப வருமானம் 9,000 வெள்ளியைத் தாண்டினால் கிடைக்காது. இதைக் கேட்டதும், "அப்படியென்றால் கொஞ்ச நாள் வேலைக்குப் போகாமல் இருந்தால் முழுத் தொகையும் வருமே" என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். நடக்காது. விண்ணப்பிப்பதற்கு முன் 12 மாதம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும், விண்ணப்பிக்கும் நாளிலும் வேலையில் இருக்க வேண்டும். கணவன் மனைவியில் ஒருவராவது இப்படி இருந்தால்தான் மானியம்.

வேலை பார்த்தால் மட்டும் போதாது, அது பதிவிலும் இருக்க வேண்டும். சாப்பாட்டுக் கடைச் சமையற்கட்டில் பாத்திரம் கழுவும் ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,400 வெள்ளி, முதலாளி கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார். மசேநிதி பிடித்தம் இல்லாததால் கையில் நாலு காசு கூட வருகிறதே என்று அவருக்கும் நிம்மதி. வீவக பார்க்கும்போது அந்த உழைப்புக்கு எந்தச் சான்றும் இருக்காது. மாதம் 50 வெள்ளிக்கு மேல் சம்பளம் வாங்கும் ஊழியருக்கு முதலாளி மசேநிதி கட்டியாக வேண்டும் என்பது சட்டம். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. டெலிவரி, டாக்சி போன்ற சொந்தத் தொழிலில் இருப்பவர்கள் வருமான வரிக் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்து, வரி மதிப்பீட்டுக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது, வங்கிக்கு வரும் தொகையைச் சம்பளம் என்று எழுதிவிடுவது. 55 வயதுக்கு உட்பட்டவர் கையில் 2,400 வாங்கினால், 20 விழுக்காடு மசேநிதி போவதற்கு முந்திய 3,000தான் அவருடைய வருமானம். கடனையும் இதை வைத்தே பார்ப்பார்கள். மாதத் தவணை இந்த மொத்தச் சம்பளத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, அதாவது 900 வெள்ளி.

வீட்டில் சேர்ந்து இருக்கப்போகும் மகனின் சம்பளத்தை மறைப்பதும் வேண்டாம். விண்ணப்பத்தில் பெயர் இருப்பவர்களின் வருமானமும் குடும்பக் கணக்கில் சேரும். பொய்த் தகவல் தந்தால் 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சில ஆயிரம் வெள்ளி மானியத்துக்காக அந்த வம்பு எதற்கு?

முன்பு ஒரு வீடு வாங்கி விற்றுவிட்டு வாடகைக்கு வந்த குடும்பங்கள், நமக்கு இனி எதுவும் கிடைக்காது என்று விசாரிக்காமலே விட்டுவிடுகிறார்கள். சிறு பிள்ளைகள் உள்ள அத்தகைய குடும்பங்களுக்காகவே புதிய தொடக்க வீடமைப்புத் திட்டம் இருக்கிறது. அதன் மானியம் இப்போது 75,000 வெள்ளி. அங்கேயும் நிலையான வேலையைத்தான் பார்ப்பார்கள்.

சரி, எங்கே தொடங்குவது? வீட்டுத் தகுதிக் கடிதத்துக்கு (வீடு, மானியம், கடன் வாங்கத் தகுதி உண்டா என்று வீவக தரும் கடிதம்) விண்ணப்பிக்கும் முன் சிங்பாஸ் என்ற அரசு இணைய அடையாளக் கணக்கு வழியாக மசேநிதிக் கணக்கைத் திறந்து, கடந்த 12 மாதப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஏதாவது ஒரு மாதம் காலியாக இருந்தால், அந்த மாதச் சம்பளச் சீட்டோடு முதலில் முதலாளியிடம் போங்கள், விண்ணப்பம் அப்புறம்.